கெட்டி மேளத்துக்கு நேரம் குறித்தவன்

நான் கம்ப்யூட்டரைத் திட்டுகிறவன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. கடையில் கூட வேலை செய்பவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்கள் பழகியிருக்கவில்லை.

ரெம்பியா ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். பேசிவைத்திருந்த நாதஸ்வரக் குழு இரண்டு நாளுக்கு முன்னால் கைவிரித்துவிட்டது. அம்மா பதறிப்போனார். அக்காவுக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோயிருந்தது. அன்றைக்கு யாரோ அபசகுனமாகப் பேசியதுதான் காரணம் என்று அம்மா திடமாக நம்பினார்.

"தாலி ஏறுற நேரத்துல ஒரு கெட்ட வார்த்தை அவ காதுல விழக்கூடாதுடா. மேளம் இல்லாம எப்படி?"

"நான் இருக்கேன்லம்மா," என்றேன்.

அலோர் காஜாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. அந்தத் திமிர். பதிவு செய்த கெட்டி மேளம் லேப்டாப்பில் இருந்தது, ஒருவர் பொத்தானை அமுக்கினால் போதும். எனக்கு அது போதவில்லை. 'அட்' என்று ஒரு கட்டளை உண்டு. இத்தனை மணிக்கு இதைச் செய் என்று எழுதிவைத்தால் அந்த நிமிடத்தில் தானாகச் செய்யும். ஜோசியர் குறித்த பத்து பதினேழுக்கு மேளம் தானாக முழங்கும், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். வீட்டில் சோதித்தபோது கச்சிதமாக வேலை செய்தது. (அதோடு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? எவன் இருந்தான்?) முதல் நாள் மதியம், புதிய இயங்குதளம் தயார் என்று லேப்டாப் சொன்னது. கல்யாணத்துக்கு எல்லாரும் புதுத்துணி எடுத்திருக்கிறார்கள், இதற்கும் இருக்கட்டுமே என்று சம்மதித்தேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு சோதனை வைத்தேன். சத்தமே இல்லை. ஒன்பது ஐம்பதுக்கு இன்னொன்று. இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன், கடிகாரத்தைச் சரிபார்த்தேன், கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும் வேலை எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று பணிவாகச் சீட்டு மட்டும் கொடுத்தது. வேலையைத்தான் செய்யவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறத் தொடங்கியது.

ஒலிபெருக்கி போட வந்த மணி அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, லேப்டாப் ரோசாக் ஆயிடுச்சா?"

"கெட்டுப்போகலண்ணே, சின்ன செட்டிங்."

"பாட்டு உள்ளதானே இருக்கு? கையால அமுக்கிடு லா."

"கையால அமுக்க நான் எதுக்குண்ணே?"

இந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து மணிக்கு மேல்தான் விஷயம் பிடிபட்டது. கட்டளைகளை வாங்கி வைப்பது ஒரு நிரல், நேரம் பார்த்து நிறைவேற்றுவது பின்னணியில் ஓடும் இன்னொன்று. அந்த இன்னொன்றை, மேம்படுத்தும்போது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவைத்திருந்தார்கள். எந்த நாட்டில் உட்கார்ந்து எவன் இதை முடிவு செய்தானோ, அவன் கல்யாணத்தில் தவிலே கிழியட்டும். அதை எழுப்பும் கட்டளையை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அவசரமாக அடித்தேன், தப்பு. மறுபடி தப்பு.

பத்து பதினேழு. குருக்கள் கையை உயர்த்தி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்," என்றார்.

கோயிலே அமைதியாக இருந்தது. தன் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்த மணி அண்ணன் எல்லாத் திருகுகளையும் முழுசாகத் திருகினார். என் லேப்டாப் பக்கத்தில் நின்ற மைக்குக்கான திருகும் அதில் அடக்கம். எனக்கு மூன்றாவது முறையும் தப்பு.

"நாசமாப் போ. நீ நல்லாவே இருக்க மாட்டே."

செம்பனைக் காடு வரைக்கும் கேட்டது. அத்தானின் விரல்கள் முடிச்சில் அப்படியே நின்றன. அம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகத்தில் பயம்தான் இருந்தது. அந்த நிமிடம் லேப்டாப் மேல் இருந்த கோபம் முழுக்க என் மேல் திரும்பியது. வெறியோடு நான்காவது முறை அடித்தேன். சரியாக விழுந்தது. விழித்தெழுந்த அந்தக் கடமை வீரன், தேங்கிக் கிடந்த சோதனைகளையும் முகூர்த்தத்தையும் சேர்த்து ஐந்து கெட்டி மேளங்களையும் ஒரே நேரத்தில் முழக்கினான். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருந்தது. குருக்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அத்தான் தங்கமானவர். கிளேபாங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனால், "எங்களை முதல்ல வாழ்த்துனவன் இவன்தான்," என்றுதான் வந்தவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். அவர்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், நன்றாகவே இருக்கிறார்கள்.

போன வருடம் என் கல்யாணம். அம்மா இரண்டு நாதஸ்வரக் குழு பேசியிருந்தார், ஒன்று வராவிட்டால் இன்னொன்று என்று. இரண்டும் வந்துவிட்டன. நான் தாலி கட்டும்போது அக்கா என் காதருகே குனிந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பந்தியில் கேட்டேன்.

"அப்ப என்னக்கா சொன்னே?"

"அன்னைக்கு நீ எனக்குச் சொன்னதுதான். ஒரு வார்த்தை குறையாம." இலையில் ரசத்தை ஊற்றினாள். "காதுல விழுந்துச்சா? விழலல்ல? அதுக்குத்தாண்டா மேளம்."