பதினாறு பக்க மகிமை

விஞ்ஞானப் புனைகதை ரசிகர் என்றோர் இனம் இருக்கிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலவேதான் இருப்பார். பல் தேய்ப்பார், மாமனார் வந்தால் எழுந்து நிற்பார். ஆனால் "நேத்து ஒரு நல்ல படம் பார்த்தேன்" என்று தப்பித்தவறி அவரிடம் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "அதெல்லாம் அந்தக் காலத்துத் தொடர்படத்துலயே வந்தாச்சுங்க" என்று ஆரம்பித்து, உங்கள் பஸ் போய், அதற்கடுத்த பஸ்ஸும் போன பிறகுதான் விடுவார்.

இந்த இனத்தில் அசல் சரக்கு நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, கண் பரிசோதனை அறையில் எழுத்து அட்டையைக் கழற்றி, அந்த வெள்ளைச் சுவரில் வாரம் ஓர் அத்தியாயமாகக் கறுப்பு வெள்ளைத் தொடர்படம் காட்டுவார். படம் கால் மணி நேரம். விவாதம் இரண்டரை மணி நேரம். ராக்கெட் நூலில் தொங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கக் கூடாது. போன வாரம் ராக்கெட்டோடு மலையில் மோதிய கதாநாயகன், இந்த வாரம் அதற்கு முன்பே குதித்திருப்பான்.

"போன வாரம் குதிக்கலையே மாமா?" என்றான் ஒருமுறை அவருடைய மச்சினன். லிஃப்ட் மெக்கானிக், விழுகிற விஷயத்தில் விவரமானவன்.

"குதிச்சான். நீதான் பார்க்கலை."

ஆனால் கடைக்காரரின் புகழுக்கு அஸ்திவாரம் வேறு: ஒரு சைபர்பங்க் எழுத்தாளரின் தடித்த நாவல். மழை ஓயாத நகரத்தில் அடுத்தவர் ஞாபகங்களை வாடகைக்கு விடுகிறவனின் கதை. அதில் தொண்ணூற்றாறாம் பக்கம் முடிந்ததும் மறுபடி எண்பத்தொன்றாம் பக்கம் வருகிறதாம்.

"ஞாபகம் திரும்பி வருதுங்க! வாசகனையே சுழல்ல மாட்டி விடறான்! வேற எவனாவது இப்படி எழுதுவானா?"

ஞாயிறு தவறாமல் வருகிற பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிடும். "அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வச்சவன்தான் சார் நான்" என்பார். மச்சினன் தலையை ஆட்டுகிற ஆட்டில் அவன் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இந்தச் சுழலை வைத்துத்தான் ஒன்பது வருடமாகத் தலைவர் நாற்காலியில், அதாவது கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை உட்காரவைக்கும் ஏறி இறங்குகிற நாற்காலியில், அவர் வீற்றிருந்தார்.

போன ஞாயிறு புதிதாக ஒரு நூலகர் அம்மாள் வந்தார். சுழல் சொற்பொழிவை முழுசாகக் கேட்டார். பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார்.

"என்னோடதுல அப்படி வரலையே சார். உங்க புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க." வாங்கி முதுகுத் தையலை விரித்துப் பார்த்தார். "பைண்டிங் தப்பு. ஒரே பதினாறு பக்கத்தை ரெண்டு தடவை சேர்த்துட்டாங்க, அடுத்த பதினாறை விட்டுட்டாங்க. கதாநாயகன் ரயில்ல அடிபட்டுச் சாகறதே அதுலதான்."

கடைக்காரர் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் பேச்சை ஃபேன்கூட நின்று கேட்பதில்லை. உலகத்தில் அவருக்கென்று இருப்பது இந்த ஒரு நாற்காலி, அதுவும் இப்போது பறிபோகப் போகிறது. பாவமாகத்தான் இருந்தது.

திக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார். மச்சினன் செருப்பைப் பார்த்தான். அப்போதுதான் கடைக்காரருக்கு உறைத்தது: இவர்களிடம் இருப்பதும் நல்ல பிரதிகள்தானே? அப்படியானால் ஒன்பது வருடமாக இல்லாத சுழலுக்கா தலையாட்டினார்கள்?

"டாக்டர், உங்க புத்தகத்துல சுழல் இருக்குல்ல?"

டாக்டர் கூரையிலிருந்து கண்ணை இறக்கவில்லை. "இருக்கு."

"என்னோடதுலயும் இருக்கு மாமா."

மூன்றுக்கு ஒன்று. நூலகர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அவன் ரயில்ல சாகவே இல்லையா?"

கடைக்காரர் நாற்காலியை ஒரு பிடி உயர்த்திக்கொண்டார்.

"அடிபடறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டாம்மா. நீங்கதான் கவனிக்கலை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நடுவில் டாக்டரின் மஞ்சள் குடையைப் பற்றி எழுதியிருந்தேனே, அந்த இடம் எப்படி? பிரமாதம் என்று தலையாட்டிவிட்டீர்களா? ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுங்கள். குடை இந்தக் கதையில் வரவே இல்லை.