நீலப்பறவை அல்ல என்பதற்கான உறுதிமொழி

மிசௌரி மாநிலத்தில் ஆல்டர் மில் என்ற ஊரில் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் மகிழ்ச்சி இல்லாமல் வாழ்ந்துவருகிறார்கள் என்ற விஷயம் ஒரு மார்ச் மாதத்தில்தான் நகர மன்றத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. அதுவரை அந்த மக்களுக்கே அது தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் பூசணிக்காய் விழா எடுத்துப் பேர் வாங்கியதிலிருந்து மேயர் டாரல் ஷூமேக்கருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

நீலப்பறவை வந்தால் சந்தோஷம் வரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆகவே மன்றம் தீர்மானம் எண் பதினான்கை நிறைவேற்றியது. 'இவ்வூர் இன்று முதல் நீலப்பறவைகளின் தலைநகரம் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது.' வீட்டுக்கு ஒரு கூட்டுப்பெட்டி கட்டாயம். நீலப்பறவைகள், மன்றம் அங்கீகரித்த பெட்டியில் மட்டுமே குடியிருக்க வேண்டும். எது நீலப்பறவை என்று பின்னால் வழக்கு வந்துவிடக் கூடாதே என்று ஒரு வாழ்த்து அட்டையின் படத்தையும் இணைப்பாகச் சேர்த்தார்கள். அந்தப் படத்தில் பறவை உச்சி முதல் வால்வரை நீலம். புன்னகை வேறு.

ஊருக்கு நீலப் பைத்தியம் பிடித்தது. அழகு நிலையத்தில் எழுபது வயதுக்காரிகள் தலைக்கு நீலம் போட்டுக்கொண்டார்கள். உணவு விடுதியில் பிஸ்கட்டுக்கு ஊற்றும் வெள்ளைக் குழம்பை நீலமாக்கினார்கள். ஒருவரும் தொடாததால் இரண்டாம் நாளே விட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் வரிசையாகத் தொங்கிய பெட்டிகளில் ஒரே வாரத்தில் சிட்டுக்குருவிகள் குடும்பத்தோடு வந்து இறங்கின. மன்றம் அவற்றை 'நீலமாகும் நிலையில் உள்ளவை' என்று பதிந்துகொண்டது.

இந்த நேரத்தில்தான் லவர்ன் ஹைடமன் நகர அலுவலகத்துக்குப் போன் செய்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

லவர்ன் தீவனக் கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் எல்லையில் அவள் வீடு. பின்னால் மேய்ச்சல் நிலம். அங்கே உளுத்துப்போன வேலிக்கால் ஒன்றின் பொந்தில் நிஜமான நீலப்பறவை ஜோடி ஒன்று ஐந்து முட்டை இட்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் காபி ஆறுவதே தெரியவில்லை. ஊரே தேடுகிறதே, சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள்.

விதிமுறை ஆய்வாளர் கர்ட்டிஸ் பென்ரோஸ் படத்தோடு வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான். வேலிக்கால்மேல் ஆண்பறவை உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்த்தான், பறவையைப் பார்த்தான்.

"மிஸ் லவர்ன், இதுக்கு மாருல செங்கல் கலர் இருக்கே."

"நீலப்பறவைக்கு அப்படித்தாம்ப்பா இருக்கும்."

"படத்துல இல்லையே. வயிறு வேற வெள்ளை."

"படத்தை வரைஞ்சவன் பறவையப் பாத்திருக்க மாட்டான்."

"அவன் பாக்காம இருக்கலாம். மன்றம் பாத்து ஒப்புதல் குடுத்திருக்கு." பெண்பறவை பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "இது சாம்பல். இதுக்கு நான் என்னத்தை எழுதுறது?"

"பொந்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. முட்டை எல்லாம் நீலம்."

பார்த்தான். யோசித்தான். 'முட்டை: தகுதியுடையது. பெற்றோர்: தகுதியற்றவை' என்று எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வேலிக்காலைத் தட்டிப் பார்த்தான், முகம் விழுந்துவிட்டது.

"இது அங்கீகரிச்ச பெட்டி இல்லையே. ஏழு நாள்ல பிடுங்கணும்."

"முட்டை இருக்கு கர்ட்டிஸ்."

"அதான் கடைத்தெருவுல வேற பெட்டி தர்றோமே."

"அதுக்கு வேணுங்கறது வெட்டவெளி, குட்டைப் புல்லு, புல்லுல பூச்சி, பக்கத்துல ஒரு பொந்து. உங்க கடைத்தெருவுல போய் அது என்ன செய்யும், துணி வாங்குமா?"

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை. "ரெண்டு வழி இருக்கு. இது நீலப்பறவைன்னா சட்டவிரோதமாக் குடியிருக்கு, வேலிக்காலைப் பிடுங்கியே ஆகணும். இது நீலப்பறவையே இல்லைன்னா எங்க விதிக்குள்ள வராது. அது பாட்டுக்கு இருக்கலாம்."

"நான் பொய் சொல்லணுங்கறே."

"சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டாப் போதும்."

லவர்ன் வாழ்நாளில் ஒரு தீவன மூட்டையின் எடையைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. பொந்துக்குள் ஒரு தரம் பார்த்தாள். 'என் நிலத்தில் உள்ளது நீலப்பறவை அல்ல என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தபாலில் மஞ்சள் நோட்டீஸ் வந்தது: நீலப்பறவை இல்லாத வீடு என்பதால் அவள் வீடு 'மகிழ்ச்சி குறைந்த வீடு' என வகைப்படுத்தப்பட்டிருக்கிறதாம்.

போனால் போகிறது என்று விட்டாள். ஐந்து முட்டையும் பொரிந்தன. ஐந்து குஞ்சும் பறக்கக் கற்றுக்கொண்டன.

விழா நாள் வந்தது. நகர அலுவலகத்தின் முன்னால் இருபதடி அகலத்தில் நீலப்பறவைப் பதாகை. ஊரே நீலச் சட்டையில். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். மேயர், "இதோ, நமது மகிழ்ச்சி..." என்று ஆரம்பித்தபோது மேய்ச்சல் நிலத்துப் பக்கமிருந்து ஏழு பறவைகள் வந்து பதாகையின் மேல்விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன. அப்பா, அம்மா, புள்ளி போட்ட குஞ்சுகள் ஐந்து.

"யாராவது அந்தக் குருவிங்களை விரட்டுங்கப்பா, படத்துல பறவை மறையுது" என்றார் பத்திரிகைக்காரர்.

லவர்ன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "டாரல், அதுதான் நீலப்பறவை. நிஜமானது. நல்லாப் பாருங்க."

மேயர் கர்ட்டிஸைப் பார்த்தார். கர்ட்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே தாளை நீட்டினான்.

"மிஸ் லவர்ன், இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் மேயர், மிகவும் மரியாதையாக. பிறகு தீயணைப்பு வண்டிக்காரரைப் பார்த்து, "அந்தத் தண்ணிக் குழாயைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

குழாயைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குஞ்சுகள் பறக்கப் பழகி மூன்று நாள்கூட ஆகவில்லை, நனைந்தால் தீர்ந்தது. வாதாட நேரமில்லை. லவர்ன் கைகளைத் தூக்கிப் பலமாகத் தட்டினாள். "போங்க, போங்க." நல்ல யோசனையாக இருக்கிறதே என்று ஊர் முழுக்கத் தட்டியது. ஏழும் எழும்பி, கூரைக்கு மேலாக வடக்கே போயின. அதன்பிறகு அந்த வேலிக்காலுக்குத் திரும்பவில்லை.

படம் மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. மாநிலப் பரிசும் வாங்கியது. இருபதடி நீலத்துக்குக் கீழே ஊரே வானத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறது. 'நீலப்பறவையை வரவேற்கும் ஆல்டர் மில் மக்கள்' என்று போட்டிருந்தார்கள். முன்வரிசையில், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருப்பவள் லவர்ன்.