அட்மிரல் சொல்லாமல் விட்ட மிச்சம்

சிட்னியின் டூங்கபித் தமிழர்களில் மிகப் பெரிய அறுவை யார் என்று தேர்தல் வைத்தால், அவரை எதிர்த்து நிற்க ஒருவரும் துணியமாட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அட்மிரல்'. முதல் உலகப் போரில் கப்பல் படை நடத்திய ஒரு ஜெர்மன் அட்மிரலின் கதையைத் தவிர மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. இத்தனைக்கும் இவர் அரைமணி நேர மேன்லி படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்.

வயசுக்கு வந்த ஒரு பெண்ணின் சாமத்தியச் சடங்கில் பாயசக் கப்புகளை மேசையில் அணிவகுத்து, சிலி நாட்டுக் கரையில் ஜெர்மன்காரர் வென்ற கதையை விளக்கினார். மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டையும் அவரே குடித்தார். கடைசிப் பந்தியில் இரண்டு பேருக்குப் பாயசம் இல்லை.

இவரிடம் நான் மாட்டியது என் சென்னைக் காலால். ஸ்டாப் போர்டைக் கண்டால் வேகத்தைக் குறைப்பேன். நிற்க மட்டும் மாட்டேன். ஆளே இல்லாத தெருவில் யாருக்காக நிற்பது? இரண்டு டெஸ்டில் பெயில். கிடைத்திருந்த வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டவேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றாவது டெஸ்ட். அதிலும் கோட்டைவிட்டால் வேலை போய்விடும்.

பாடமும் கப்பல் கதைதான். ஸ்டாப் போர்டு வந்ததும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார்.

"அப்புறம் என்ன அங்கிள்?"

"கார் நிக்கேல்லைத் தம்பி."

"நின்னுடுச்சே!"

"ஊருது. சில்லு நாலும் முழுசா நிண்டு, மூண்டு எண்ணினால்தான் மிச்சம் சொல்லுவன்."

கதை சுமார், சொல்கிற விதம் படுமோசம். ஆனாலும் பாதியில் விட்டால் மனசு கேட்கிறதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், எண்ணினேன். வியாழக்கிழமை, பிரிட்டிஷாரின் ஃபாக்லாந்து தீவுத் துறைமுகத்தை ஜெர்மன்காரர் நெருங்கும்போது வகுப்பு முடிந்துவிட்டது.

"மிச்சம் நாளைக்கு, டெஸ்ட் முடியச் சொல்லுறன்."

டெஸ்டில் பக்கத்திலிருந்த அதிகாரி வாயே திறக்கவில்லை. ஈ காக்கை இல்லாத ஒரு முச்சந்தியில் ஸ்டாப் போர்டு. கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. காது கதையின் மிச்சத்துக்குக் காத்திருந்தது. மூன்று எண்ணி முடித்த பிறகுதான் அட்மிரல் காரில் இல்லை என்பதே உறைத்தது.

பாஸ். வெளியே காத்திருந்தவரிடம் ஓடினேன்.

"ஜெர்மன்காரர் என்ன ஆனார் அங்கிள்?"

"அங்க போகவேண்டாமெண்டு கப்டன்மார் சிலபேர் சொன்னவை. மனுசன் நிக்கேல்லை. கப்பலோட கடலுக்குள்ள தாண்டுபோனார். அவற்ற ரெண்டு மகன்மாரும் அந்தச் சண்டையிலயே செத்துப்போட்டினம்."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அப்படி ஒரு அதிசயத்தை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். போன வாரம் என் மனைவி கார் கற்றுக்கொள்ள நல்ல ஆளாகக் கேட்டாள். அட்மிரலின் நம்பரைக் கொடுத்தேன்.

"அவரா? நீங்கதானே அறுவைன்னு திட்டுவீங்க?"

"அறுவைதான். ஆனா உன்னை வேற யார் கார்லயும் அனுப்ப எனக்கு மனசு வரல."