மறுகால் என்ற சொல்லுக்கு மாமா அனுப்பும் விளக்கம்

சாணார்பட்டி,
கார்த்திகை 20

அன்பு மருமகன் முகேஷ்குமாருக்கு மாமா கண்ணுசாமி எழுதுவது. இங்கு உன் அத்தை, மகள் மணிமேகலை, கறவை மாடு எல்லோரும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வரும்.

உங்கள் கல்லூரி போடும் வட்டாரச் சொல் அகராதிக்காக மறுகால் என்ற சொல்லின் பொருளும் பயன்பாடும் கேட்டிருந்தாய். பொருள் சுலபம். குளம் நிறைந்தபின் மிஞ்சிய தண்ணீர் கலுங்குச் சுவரைத் தாண்டி அடுத்த ஊர்க் குளத்துக்குப் போவது மறுகால். பயன்பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நம் குளம் மறுகால் போய்ப் பதினேழு வருஷம் ஆகிவிட்டதால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சொல் மிகவும் வசதி. உன் அத்தை கிரைண்டர் கேட்டாள். "குளம் மறுகால் போகட்டும்" என்றேன். போன வருஷம் நம் மறுகால் தண்ணீர் போய்ச் சேரும் கீழூரிலிருந்து சிவபிரகாஷ் வீட்டார் மணிமேகலையைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் தங்கமானவன். அவளுக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. "குளம் மறுகால் போன மறுநாளே தட்டு மாத்திக்குவோம்" என்று சபையில் சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. ஊரே வானத்தைக் கும்பிட, நான் மட்டும் கலுங்கில் உட்கார்ந்து இன்னும் எத்தனை சாண் என்று அளந்துகொண்டிருந்தேன். நாலு விரல்கடை மிச்சமிருந்தபோது பயந்துபோய்ச் சுவர்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினேன். பன்னிரண்டாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்நேரம் பார்த்து மணிமேகலை வந்தாள். எதற்கு என்று கேட்கவேயில்லை. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு மூட்டைப்பா வேணும்? நீங்க செத்த உக்காருங்க, நான் அள்ளிப் போடுறேன்" என்றாள்.

தண்ணீர் தேங்கி நம் மல்லிகைத் தோட்டத்துக்குள் ஏறியதுதான் மிச்சம். கீழூரே திரண்டு வந்துவிட்டது, முன்னால் சிவபிரகாஷின் அப்பா. "ஏப்பா கண்ணுசாமி, பொண்ணத்தான் தரல. தண்ணியவாச்சும் விடலாம்ல?"

"மீனு போயிரக் கூடாதுன்னு போட்டதுங்க" என்று சமாளித்தேன். ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் எவனோ மூட்டைகளை எடுத்துவிட்டிருக்கிறான். குளம் மறுகால் போகிறது, பெண்கள் குலவையிட்டுப் பூப்போடுகிறார்கள். நான் அசையவில்லை. தானாக வழிந்தால்தான் மறுகால், மூட்டையை எடுத்து வந்த தண்ணீர் சேர்த்தியில்லை. அகராதியில் இதைத் தடித்த எழுத்தில் போடு, ஊரில் காட்ட வேண்டும். எடுத்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்!

உனக்கும் உன் மனைவிக்கும் குலசாமி துணையிருக்கும். குழந்தையை ஈரத்தில் விளையாட விட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா கண்ணுசாமி

பி.கு.: தடித்த எழுத்து வேண்டாம். மூட்டைகளை எடுத்தவன் நான்தான். சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனசு கேட்கவில்லை. தட்டு மாற்றியாயிற்று, தை பதினொன்றில் கல்யாணம். வரும்போது ஒரு கிரைண்டர் வாங்கி வா. பூப்போட வந்த உன் அத்தை தண்ணீரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தாள்.