மாதா தேருக்குப் பழகிய லாரி

கீழ்வேளூர்
செப்டம்பர் 14

அன்புமிக்க மாப்பிள்ளை சகாயராஜ் அவர்களுக்கு,

மாமா பெரியநாயகசாமி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை விண்ணரசியும் நலம். ஹூஸ்டனில் நீங்களும் என் மகள் சான்ட்ராவும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். மருமகனைக் குறை சொல்வது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வருடத் திருவிழாவில் நம் பழைய பெட்ரோல் லாரி தேரோடு கடைத்தெருவில் நின்றுபோய், பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டுத் தள்ளியது உங்களுக்குத் தெரியும். "இன்னொரு தடவை நின்னா மாதாவை வசந்தகுமார் டிராக்டர்ல ஏத்திடுவோங்க" என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக மாதா நம் லாரியில்தான் வருகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் செட்டைத் தேடி அனுப்பினீர்கள்.

செட்டைத் தேர்ந்தெடுத்ததில் உங்கள்மேல் குற்றமில்லை. அத்தையின் தையல் டேப்பால் இன்ஜின் வாய்க்கு நான் எடுத்த அளவுதான் அரை அங்குலம் பிசகியது. மெக்கானிக் முருகையன் இடையில் ஒரு அலுமினியத் தகடு வைத்து உட்காரவைத்தார். சைலன்சர் குழாயில் துளை போட்டு, புகையை மோந்து பார்க்கும் சென்சாரையும் மாட்டினார். பிறகு நீங்கள் போனில் சொன்னீர்கள்: "ஒரு வாரம் ஓட்டுங்க மாமா, எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அதுவே கத்துக்கும்." எந்த வேகத்தில் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை.

லாரிக்கு முக்கியமான வேலை தேர். ஆகவே ஒரு வாரமும் தேர் போகும் தெருக்களிலேயே, தேர் போகும் வேகத்திலேயே ஓட்டினோம். முருகையன் சிலுவை தூக்குகிறவர்போல முன்னால் நடந்தார். வீட்டுக்கு வீடு நிறுத்தி, மாலை போடும் நேரம் விட்டுக் கிளம்பினோம். எட்டாம் தேதி திருவிழாவன்று சாயங்காலம் லாரி தேரோடு ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. மாதாவின் கிரீடம்கூட ஆடவில்லை. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் குறுவை நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பி, மெயின் ரோட்டில் மூன்றாவது கியர் போட்டு மிதித்தேன், கறுப்புப் புகை கக்கி நின்றுவிட்டது. நடை வேகத்தில் விட்டால் சமர்த்தாகப் போகிறது, கொஞ்சம் அழுத்தினால் செத்துவிடுகிறது. நாலு கிலோமீட்டரும் தேர்போலவே போனேன். பின்னால் ஏழு பஸ், அத்தனையும் ஹாரன். போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு டீக்கடை சைத்தூன் பீவி ஊதுபத்தியோடு ஓடிவந்து, "நேத்து பார்க்க முடியலைங்க, மாதா எங்க?" என்றார். "இன்னிக்கு நெல்லுதாங்க" என்றேன். ஏற்றியதை அணைக்க மனமில்லாமல் பம்பரில் செருகிவிட்டுப் போனார்.

ஆகவே மாப்பிள்ளை, வருத்தப்பட வேண்டாம். நாளைக் காலை முருகையன் செட்டைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மாட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியைத் திரும்ப எடுத்துப் போங்கள். மாதா உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். சான்ட்ராவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
பெரியநாயகசாமி

பி.கு.: கழற்றவில்லை. சாமியாரே வீட்டுக்கு வந்து, "இனிமே மாதா உங்க லாரியிலதாங்க. இன்ஜின்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பைபாஸில் வேகமாக ஓட்டினால் அதையும் கற்றுக்கொள்ளும் என்று சான்ட்ரா போனில் சொல்கிறாள். வேண்டாம். வேகத்தைக் கற்று நடையை மறந்துவிட்டால் நான் எங்கே போவேன்? மீதி நெல்லை வசந்தகுமார் டிராக்டரில் அனுப்பிவிட்டேன்.