கொம்பு முளைத்த குற்றம்

ஒரு காட்டில், குட்டிகளுக்கு மட்டும் தாராளமாக இரக்கம் காட்டுகிற ஒரு காட்டில், ஒச்சாயி என்றொரு மிளாமான் இருந்தாள். அவள் மகன் சிலம்பனுக்குப் பின்னங்கால்கள் நிற்காது. தழையை மென்று விழுங்க வராது. இடி இடித்தால் வலிப்பு வரும். பேச்சும் கிடையாது, சரி என்றால் இடது காதை ஆட்டுவான், வேண்டாம் என்றால் வலது காதை.

ஓடைக்கரையில் குட்டிகள் பிரிவு இருந்தது. அங்கே மூக்கம்மா என்கிற கரடி தினமும் அவன் காலை நீவிவிட்டு, தழையைக் கூழாக அரைத்து, தொண்டையைத் தடவித் தடவி உள்ளே இறக்குவாள். ஒச்சாயி ஊட்டினால் புரையேறிவிடும். குளம்பை வைத்துக்கொண்டு தொண்டையைத் தடவ முடியுமா? ஆக, கரடியின் கையில்தான் பிள்ளையின் உயிர் இருந்தது.

அப்படியிருக்கையில் அவன் தலையில் கொம்பு முளைத்தது. பயலுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடைத் தண்ணீரில் தன் தலையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஒச்சாயிக்கும் பூரிப்புதான். மூக்கம்மா பொன்னாடையோடு வந்து நிற்கும் வரை.

"கொம்பு வந்துட்டா பெரியவரு, தாயி. இனி அவரு பெரியவங்க பிரிவு."

வழியனுப்பு விழா அமர்க்களமாக நடந்தது. காட்டெருமைத் தலைவர், "நம் சிலம்பன் இன்று சிறகு விரிக்கிறான்!" என்று முழங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், எல்லோரும் அழுதார்கள். "நாளைக்குக் காலையில இவனுக்கு யாரு ஊட்டுவா?" என்று ஒச்சாயி கேட்டது கைதட்டலில் அமுங்கிப்போனது.

பெரியவர்கள் பிரிவு ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் இருந்தது. அதிகாரி ஒரு வரையாடு. அவர் ஏறாத பாறை கிடையாது. அதனால், ஏற முடியாதவர்கள் உலகத்தில் உண்டு என்பதையே அவர் கேள்விப்பட்டதில்லை. மகனை அடிவாரத்தில் கிடத்திவிட்டு ஒச்சாயி மூச்சு வாங்க மேலே ஏறினாள்.

"அவரை மேல வரச் சொல்லும்மா," என்றார் அதிகாரி.

"அவனால நடக்க முடியாதுங்க. அதுக்காகத்தான் வந்தேன்."

"நடக்க முடியாதவங்களுக்காகத்தானே இந்தப் பிரிவே இருக்கு? வந்தாத்தானே கவனிக்க முடியும்!"

"நீங்க ஒரு எட்டு இறங்கி வரக் கூடாதா?"

"இறங்கிப் போய்ப் பார்க்கிறது குட்டிகளுக்கு. இவர் பெரியவர். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

என்றாலும் நல்ல மனுஷன். விளிம்புக்கு வந்து கீழே பார்த்துக் கூவினார்: "ஐயா! காலுக்கும் தொண்டைக்கும் உங்களுக்கு உதவி வேணுமா? நீங்களே சொல்லுங்க!"

சிலம்பன் இடது காதைப் படபடவென்று ஆட்டினான்.

"ஒண்ணும் சொல்லலையே."

"வேணும்னு காதை ஆட்டுறான் பாருங்க!"

"ஈ மொய்ச்சிருக்கும். நீ குறுக்க பேசாதம்மா, அவர் உரிமையைப் பறிக்கிற. அப்புறம், இது காலுக்கான பாறை. தொண்டைக்கு அடுத்த பாறை. வலிப்புக்கு அந்தாண்ட மலை. மூணும் இருக்கிற ஆளு எந்தப் பாறையிலயும் சேர்த்தி இல்லை."

ஒச்சாயி ஓடைக்கு ஓடினாள். "எனக்கு மனசு இருக்கு தாயி," என்றாள் மூக்கம்மா, "அவனுக்குக் கொம்பு இருக்கே."

பிள்ளையின் விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. ஒச்சாயி அவனை ஒரு சொரசொரப்பான பாறைக்கு இழுத்துப் போனாள். "கொம்பைத் தேச்சுரலாமாடா?" என்று கேட்டாள். எந்தக் காதும் அசையவில்லை. அவன் தண்ணீர் இருக்கும் பக்கமாகக் கழுத்தைத் திருப்பி வெகுநேரம் கிடந்தான். கடைசியில் இடது காது ஒரே ஒரு தடவை ஆடியது. தேய்த்து முடிக்கும் வரை ஒச்சாயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் குட்டிகள் பிரிவில் போய் நின்றாள். "என் தங்கச்சி மகன். புதுசா வந்திருக்கான். பேரு புதுராசா."

மூக்கம்மா அவன் தலையிலிருந்த பச்சைப் புண்ணைப் பார்த்தாள். இடது காது ஆடுவதையும் பார்த்தாள்.

"தங்கச்சி மகனா? அதான் சாடை அப்படியே இருக்கு," என்றபடி தழையை அரைக்க உட்கார்ந்தாள்.

அந்த வருஷத்துக் கூட்டத்தில் வரையாடு எழுந்து நின்று அறிவித்தார்: "சிலம்பன் என்கிற பெரியவர் அதன் பிறகு நம்மிடம் எதுவுமே கேட்கவில்லை. சொந்தக் காலில் நிற்கிறார்." கைதட்டல் காட்டையே உலுக்கியது. புதிதாக ஒரு குட்டியைச் சேர்த்ததற்காகக் குட்டிகள் பிரிவுக்கும் பாராட்டு.

சேதி எப்படியோ பரவிவிட்டது. கொம்பு மறுபடி முளைத்து, ஒச்சாயி மகனோடு அந்தச் சொரசொரப்பான பாறைக்குப் போனபோது அங்கே ஒரு வரிசை நின்றது. காட்டுப்பன்றித் தாய்மார்கள் கோரைப்பல் முளைத்த பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். கடைசியில் நின்ற யானை, தந்தம் எட்டிப் பார்க்கும் தன் மகனை மறைத்துக்கொண்டு, ஒச்சாயியின் காதோரம் குனிந்தாள்.

"ஏன் தாயி, இதைவிடப் பெரிய பாறை எங்கயாச்சும் இருக்கா?"

நீதி: நல்ல பிள்ளைக்கு அழகு, வளராமல் இருப்பது.