வானத்துப் பூனையை நீக்கக் கோரி

இணுவில்,
23.01.1992

பேரன்புக்குரிய பரமலிங்கம் மாமா அவர்களுக்கு,

மருமகள் குணலட்சுமி பணிவோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமாக உறங்குகிறார்கள். நான் மட்டும் சாமியறையில் ஜாம்போத்தலில் திரியிட்ட விளக்கோடு விழித்திருக்கிறேன். அப்பா இருமும்போதெல்லாம் நான் விளக்கை அணைத்துவிடுவதால் எழுத்துக் கோணினால் மன்னிக்கவும்.

நீங்கள் கொழும்புக்குப் போகும்போது தந்த நட்சத்திரப் புத்தகத்தால் வந்த வினை இது. சென்ற வெள்ளி விடியப்புறம், இராசமலர் அக்காவுக்குச் சம்பந்தம் பேசப் பெரியம்மாவும் அப்பாவும் கரவெட்டிக்குச் சைக்கிளில் புறப்பட்டார்கள். நல்ல நேரம், நிறைகுடம், எல்லாம் சரி. நான்தான் சும்மா இராமல் வானத்தைக் காட்டி, "பெரியம்மா, உதிலை ஒரு பூனை கிடக்குது, புத்தகத்திலை படமும் இருக்கு" என்றேன். பெரியம்மா கரியரிலிருந்து குதித்தேவிட்டார். "வெளிக்கிடேக்கை பூனையோ? தம்பி, நிப்பாட்டு!" நிலத்துப் பூனையென்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று இருந்துவிட்டுப் புறப்படலாம், அதற்குள் அது ஓடிவிடும். பெரியம்மா ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்து அண்ணாந்து பார்த்தார். பூனை அசையவில்லை. மறுநாளும் அங்கேயே. "பகலிலை போவமே, மச்சாள்?" என்று அப்பா கேட்டதற்கு, "தெரியாட்டில் இல்லையெண்டோ? ஒளிச்சுக்கொண்டு கிடக்கும்!" என்றுவிட்டார். இதற்கிடையில் கரவெட்டிக்காரர் வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்களாம். அக்கா சரியாகச் சாப்பிடுவதுமில்லை, கதைப்பதுமில்லை. தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிற அக்காவின் வாழ்வை நானே கெடுத்துவிட்டேன், மாமா.

அந்தப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை நேற்றுத்தான் அகராதி வைத்து வாசித்தேன். பூனைகளில் ஆசை வைத்த ஒரு பிரெஞ்சு வானியலாளர் நட்சத்திரங்களை இணைத்து வரைந்ததாம் அது. பிறகு வந்தவர்கள் வேண்டாமென்று நீக்கிவிட்டார்களாம். இப்போது அங்கே வெறும் நட்சத்திரங்கள்தான். இதை நான் சொன்னால் அடிதான் விழும், புத்தகமும் அடுப்புக்குள் போகும். நீங்கள் சயன்ஸ் வாத்தியார். 'பூனை நீக்கப்பட்டுவிட்டது, தாராளமாகப் புறப்படலாம்' என்று கையொப்பமிட்டுப் பெரியம்மாவுக்கு உடனே எழுதவும். என் பெயர் வேண்டாம்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கந்தசாமியார் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், மிச்சம் இருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
குணலட்சுமி

பி.கு.: அக்கா எழும்பி வந்து முழுவதையும் வாசித்துவிட்டார். என் காதைப் பிடித்தபடியே சொல்கிறார்: "விசரி, அந்த மாப்பிளை வேண்டாமெண்டு நான் சாப்பிடாமல் நேர்த்தி வைக்க, வராமல் வந்த பூனையை நீ துரத்தப் பாக்கிறியோ?" ஆகவே, மாமா, பெரியம்மாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். சித்திரை விடியலில் பூனை மேற்கே இறங்கிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வரக்கூடிய ஒரு கெட்ட சகுனமாகப் பார்த்து நீங்கள் எனக்கு எழுத வேண்டுமாம்.